கஞ்சிக் கால்வாய் மரியதாஸ் மீது எழுதப்பட்ட ஒரு வரி

மரியதாஸ் அவர்கள் ஷட்டரைத் திறந்தார். திறக்கவில்லை என்று எழுதினார்கள். எழுதியவருக்கு அது பொய் என்று தெரியும். அந்தப் பொய் இன்றைக்கும் மரியதாஸின் பணிப் பதிவேட்டில் ஒரு முழு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அதை அடிக்கச் சொல்லி மனு மேல் மனு போட்டு, ஒன்றுக்கும் பதில் வராமலே, போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் இறந்துபோனார்.

எனக்குச் செய்தி சொன்னது அவருடைய மனைவி அந்தோணியம்மாள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். போனில் அழவில்லை. "தம்பி, அவுரு போய்ட்டாரு. டீ எடுத்துகினு போயி எழுப்புனேன், கையி ஜில்லுனு கீது" என்றார்.  பிறகு, "நேத்து சாய்ந்தரம்கூட தபால் வந்துச்சான்னு கேட்டாரு" என்றார். நான் இரும்புலியூரிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் இருக்கிறது. இது சாந்தமான அஞ்சலியாக இருக்காது. அப்படி எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரி நீரைக் கூட்டிக்கொண்டு போகும் பெரிய கால்வாய் ஒன்று உண்டு. அது சுற்றி வளைத்து வெகுதூரம் போய்த்தான் அடையாற்றில் விழும். நடுவே ஓர் இடத்தில் ஆறு அதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது. அந்த இடத்தில் இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார்கள். நடந்தால் பத்து நிமிஷத் தூரம்தான். எந்தக் காலத்துப் பஞ்சத்திலோ, கூலிக்குப் பதிலாகக் கஞ்சி ஊற்றி வெட்டியது என்று பழைய குடும்பங்களில் சொல்வார்கள். அதனால் அதற்குக் கஞ்சிக் கால்வாய் என்று பெயர். தலைப்பில் ஒரு இரும்பு ஷட்டர். மழையில் பெரிய கால்வாய் நிரம்பினால் ஷட்டரைத் தூக்க வேண்டும். தண்ணீர் குறுக்கு வழியில் ஆற்றுக்கு ஓடிவிடும், நாங்கள் பிழைத்துக்கொள்வோம். தூக்க வேண்டியவர் மரியதாஸ். நீர்வளத் துறையில் அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர். துறையின் ஏணியில் கடைசிப் படி அது. குற்றம் சுமத்துவதற்கு அதற்குக் கீழே வேறு ஆள் கிடையாது.

நான் அவரைச் சந்தித்ததே ஒரு குற்றவாளியாகத்தான். வீடு கட்டிக்கொண்டிருந்தேன். மிச்சமான செங்கல் உடைசலையும் சிமென்ட் கட்டிகளையும் வண்டியில் அள்ளி வந்து, வறண்டு கிடந்த கஞ்சிக் கால்வாயில் கொட்டினேன். எல்லோரும் கொட்டினார்கள். காக்கி டிரவுசரும் தோளில் துண்டுமாக ஒருவர் கரையில் வந்து நின்றார்.

"யாரு வூட்டு சாமானு இது?"

"என்னோடதுதான்."

"ஒனக்கு வேணாமா?"

"உடைசல்தானே. வேணாம்."

"ஒனக்கே வேணாம்னா தண்ணிக்கு எதுக்கு? அது வந்து ஒன்னாண்ட கேட்டுச்சா?"

நான் முறைத்தேன். அவர் பதிலுக்கு முறைக்கவில்லை. துண்டைக் கரையில் வைத்துவிட்டு இறங்கி, ஒவ்வொரு கல்லாக எடுத்து என் வண்டியிலேயே போட ஆரம்பித்தார். எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? நானும் இறங்கினேன். முடிந்ததும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். "பெருங்களத்தூராண்ட பள்ளம் ரொப்பறாங்க, அங்க கொண்டுபோயி கொட்டு. துட்டு கேக்க மாட்டாங்க" என்று வழியும் சொன்னார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அன்றிலிருந்து அண்ணன்.

ஷட்டரைத் தூக்கியதும் அவருடைய வேலை முடிந்தது என்பது துறையின் கணக்கு. அவர் கணக்கில் அப்போதுதான் ஆரம்பம். ஷட்டரைச் சுற்றும் கைப்பிடியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் கரையில் நடப்பார். "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டே போவார். துணி துவைப்பவர்கள் மூட்டையைத் தூக்குவார்கள். எருமைக்காரர் மாட்டை ஓட்டுவார். எங்கேயாவது முள்ளோ குப்பையோ அடைத்திருந்தால் தள்ளிவிடுவார். தண்ணீர் ஆற்றைத் தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்புவார். "நான் தண்ணிக்கு வாட்ச்மேன் இல்ல தம்பி, மாப்ளத் தோழன். கூடவே நடந்து போயி பொண்ணு வூட்ல விடணும்" என்பார். அவரைக் காட்டிலும் அவருடைய குரல்தான் ஊருக்குப் பழக்கம். முகம் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கத்தல் தெரியும்.

ஒருமுறை ஷட்டரின் நட்டு தேய்ந்துபோனது. ஷட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் இது தேவைப்படும். இரும்புக் கதவின் மேல் நீளமான திருகுத்தண்டு ஒன்று இருக்கிறது. தண்டு முழுக்க மரை, அதாவது சுற்றிச் சுற்றி வெட்டிய பள்ளம். மேலே சிமென்ட் மேடையில் ஒரு பெரிய நட்டு உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அந்த நட்டின் வழியாகத் தண்டு மேலே ஏறும். கதவும் கூடவே ஏறும். மூடியிருக்கும்போது தண்டின் நுனி மட்டும் மேடைக்கு மேலே எட்டிப் பார்க்கும். முழுக்கத் திறந்தால் ஆள் உயரத்துக்கு நிற்கும்.

நட்டு தேய்ந்ததால் சுற்றச் சுற்றத் தண்டு வழுக்கியது. மேலே எழுதிப்போட்டார். பதில் வரவில்லை. மழைக்காலம் நெருங்கியது. நான் அப்போது ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய நட்டைக் கழற்றிப் பழைய பேப்பரில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்தார். "லேத்துக்காரரே, இதுக்கு ஒரு தம்பி பொறக்கணும்" என்றார். முதலாளியிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை போய், வெண்கலத்தில் புதிதாக வெட்டிக் கொடுத்தேன். மாட்டிச் சுற்றிப் பார்த்தோம். மரைக்கும் நட்டுக்கும் இடையில் தலைமயிர் நுழையாது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. அரசாங்கக் கோப்பில் அந்த நட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இனி என் தவறு. எங்கள் நகர் நலச் சங்கத்தில் நான் இணைச் செயலாளர். கஞ்சிக் கால்வாயில் சாக்கடை கலந்து கொசு பெருத்துவிட்டது. மேலே சிமென்ட் பலகை போட்டு மூடித்தர வேண்டும் என்று மனு எழுதினோம். எழுதியது நான். முதல் கையெழுத்தும் என்னுடையது. வீடு வீடாகப் போனேன். எல்லோரும் சந்தோஷமாகப் போட்டார்கள். என் வீட்டு வாசலுக்கு முன்னால்தான் கால்வாய் போகிறது. மூடினால் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்கும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதை மனுவில் எழுதவில்லை.

மரியதாஸ் அண்ணனிடமும் நீட்டினேன். வாங்கி முழுக்கப் படித்தார்.

"கொசு கடிச்சா சொறிஞ்சுக்கலாம் தம்பி. மூடிட்டா உள்ள இன்னா நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"வருஷத்துக்கு ஒருமுறை திறந்து தூர் வாருவாங்க அண்ணா. மனுவுலயே எழுதியிருக்கோம்."

"நீ எழுதிட்ட. அவன் படிக்கணுமே."

"கவர்மென்ட் வேலைல இருக்கீங்க, போட முடியலன்னா பரவால்ல."

"போட மாட்டேன்னு எழுதிக்கோ. அதுக்கு வேணா கையெழுத்து போடறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பலகை வந்தது. கொசு குறைந்தது. ஆற்று முனையில் இருந்த கல்யாண மண்டபத்துக்காரர், பலகைக்கு மேலே கார் நிறுத்துமிடம் போட்டார். கார்களின் பாரம் தாங்க வேண்டும் என்று கால்வாய்க்கு உள்ளேயே தூண்கள் எழுப்பினார். தூண்களுக்கு இடையே சுவர் வைத்து, தண்ணீர் போவதற்கு இரண்டு சிமென்ட் குழாய்களை மட்டும் விட்டார். மூடிய பலகைக்குக் கீழே நடந்த இந்த வேலை வெளியே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர், அப்போதைய பொறியாளர். பார்வையிட்டு, 'நீரோட்டத்துக்குத் தடை ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் காகிதத்தின் நகலைப் பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். என்னிடம் இருக்கிறது.

பிறகு அந்தப் பெருமழை. விடாமல் பெய்த இரண்டாம் நாள், வெளிச்சம் வருகிற நேரத்தில் பெரிய கால்வாய் ததும்பியது. மரியதாஸ் அண்ணன் ஷட்டரை முழுக்கத் தூக்கினார். வழக்கம்போல் கைப்பிடியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஆனால் இந்த முறை காலுக்குக் கீழே பலகை. தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்க்க முடியாது. பலகைகளின் இடுக்கில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறார். பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. ஆற்று முனைக்கு ஓடிப் பார்த்தார். ஆறு இன்னும் தாழ்வாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குழாயிலிருந்தும் ஒழுகியது வாய்க்கால் தண்ணீர் அளவுக்கு.

மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம். பலகை முழுக்கக் கார்கள். வாசலில் நின்று அவர் கத்தியதை அங்கே சமையலுக்கு வந்திருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். "கார எடுங்கப்பா! தண்ணி உள்ள மாட்டிகினு கீது, பலகய ஒடைக்கணும்!" மண்டபத்து மேனேஜர் சொன்ன பதில்: "யோவ், தாலி கட்டற நேரத்துல அபசகுனமா இன்னாயா கத்திகினு? போ, சாப்ட்டு போ."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அதே நேரம் எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பைத் தொட்டுவிட்டது. ஆற்றுப் பக்கம் போய் வந்த யாரோ, 'அந்த முனையில் தண்ணீரே வரவில்லை, ஷட்டர் மூடிக் கிடக்கிறது' என்றார்கள். தலைப்புக்குப் போய்ப் பார்க்க வழியில்லை. மேடை அதற்குள் மூழ்கிவிட்டது. அப்போது மரியதாஸ் அண்ணன் எதிரே வந்தார். தோளில் கைப்பிடி. என் வீட்டில் கட்டில் மிதந்துகொண்டிருந்தது. தெருவே பார்க்க நான் அவரிடம் கத்தினேன்.

"கைப்பிடிய மாட்டிக்கிட்டு ஊர் சுத்துறியாடா? திறக்குறதுக்கு என்னடா வலிக்குது உனக்கு?"

எட்டு வயது மூத்தவரை 'டா' போட்டேன். நான் ஆரம்பித்தேன், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "தொறந்துட்டு வரேன் தம்பி" என்று ஒரே ஒருமுறை சொன்னார். நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. ஷட்டர் மேடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அவர்மீது புகார் எழுத ஆதாரம் தேடித்தான் போனேன். தண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பிறகு வந்து தூக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு கிட்டே போனேன். நட்டிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும், மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும் சேறு படிந்து காய்ந்திருந்தது. அதற்கு மேலே பழைய கிரீஸ், கறுப்பாக, சேறு படாமல் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளம் மேடைக்கு மேலே முழங்கால் உயரம் நின்றது. அப்போது கதவு மூடியிருந்தால், மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனி மட்டும்தான் அந்தச் சேற்றுத் தண்ணீரில் முங்கியிருக்கும். பிறகு தூக்கினால் சேறு படிந்த நுனி உச்சிக்குப் போயிருக்கும். நட்டுக்கு மேலே உள்ள மரை சுத்தமாக இருக்கும். ஏனென்றால் நட்டு அதை வழித்துவிடும். தலைமயிர் நுழையாத அந்த நட்டு ஒரு பொட்டுச் சேற்றை விடாது. அதை வெட்டியவன் நான். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. வெள்ளம் வந்து நின்றபோது தண்டு ஏற்கெனவே மேலே இருந்திருக்கிறது. மேடை மூழ்கிய பிறகு யாரும் அங்கே கால் வைத்திருக்க முடியாது. ஆகவே மூழ்குவதற்கு முன்பே அவர் திறந்துவிட்டார். செல்போனில் படம் எடுத்தேன். நான்கு பக்கமும் எடுத்தேன்.

அடுத்த நாள் சங்கக் கட்டடத்தில் பொறியாளர் விசாரணை நடத்தினார். தடையில்லை என்று கையெழுத்துப் போட்ட அதே பொறியாளர். மண்டபத்துக்காரர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில். படத்தைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"எட்டாவது."

"ஐ.டி.ஐ., டிப்ளமோ, அப்படி ஏதாவது?"

"முப்பத்தொரு வருஷம் லேத்."

"அது எக்ஸ்பீரியன்ஸ் சார், ஐ ரெஸ்பெக்ட் இட். ஆனா இது டெக்னிக்கல் ரிப்போர்ட். நீங்களே அன்னைக்கு ரோட்ல நின்னு அவர் திறக்கலன்னு சொன்னதா பத்து பேர் சொல்றாங்களே?"

 என் சொல்லாலேயே என் வாயை அடைத்தார். மறுவாரம் போய்ப் பார்த்தால் தண்டைத் துடைத்துச் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். எத்தனையோ வருஷமாகப் பெயின்ட் காணாத தண்டு அது. அறிக்கை வந்தது: 'பணியிலிருந்த லஸ்கர் உரிய நேரத்தில் ஷட்டரைத் திறக்கத் தவறியதே குடியிருப்புகளில் நீர் புகக் காரணம்.' அதே வரி அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறியது. அவரைத் தொலைவில் ஓர் ஏரிக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். மண்டபத்துக்காரரின் சுவர் அப்படியே இருக்கிறது. அடுத்த கோடையில் டார்ச் லைட்டோடு பலகைக்குள் ஊர்ந்து போய் அந்தக் குழாய்களை என் கையால் அளந்துவிட்டு வந்தேன்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அண்ணி தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போதுதான் அண்ணன் சொன்னார்: "நீ 'டா' போட்ட. வந்து மன்னிப்பு கேட்டுட்ட. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள, முடிஞ்சு போச்சு. பேப்பர்ல போட்டாங்களே, அதுக்கு எவன் வந்து கேப்பான்?"

அதன்பிறகு மனுக்கள். நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அனுப்பிய ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். ஒருமுறை நான், "விடுங்க அண்ணா, ஊருக்கு உண்மை தெரியும், அது போதும்" என்று சொல்லிவிட்டேன். எரிந்து விழுந்தார். "எனக்குப் போதாது. ஊரு நாளைக்கு செத்துடும், பேப்பர் சாவாது. நான் கோவமே இல்லாத மனுசன்னு எவனோ சொல்லிகினு திரியறானாமே, அவன இட்டுகினு வா. சாவறதுக்குள்ள அந்த வரிய அடிக்கணும். நான் செத்துட்டா நீ அடிக்க வெய்யி."

அவர் செத்துவிட்டார்.

அடக்கத்துக்கு மண்டபத்துக்காரர் வந்தார். ஆள் உயர ரோஜா மாலை, தூக்க இரண்டு பேர். "நல்ல மனுஷன், நம்ம ஏரியாவுக்கே ஒரு..." என்று ஆரம்பித்தார். அந்தோணியம்மாள் எழுந்தார். "மாலய எடுத்துகினு போங்க. அவுருக்கு பூ வேணாம். அவுரு பேர்ல எழுதுன காயிதத்த கிழிச்சு எடுத்துகினு வாங்க, பொட்டிக்குள்ள வெக்கறேன்" என்றார். யாரும் தடுக்கவில்லை. மாலை வெளியே போனது. கல்லறையில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அது அவருடைய வேலை. எனக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

அண்ணா, நிம்மதியாக உறங்குங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் அதை விரும்ப மாட்டீர்கள். போய் வாருங்கள். நான் இங்கே இருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. உடம்பு நன்றாக இருக்கிறது.

பெயர்களைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும். செய்ய வேண்டியவை இவை.

மண்டபத்துக்காரர், தூண்களையும் சுவரையும் இந்த மழைக்கு முன்பாகத் தாமே இடித்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் நான் சேறு படிந்த மரையின் படத்தைப் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக்கு எதிரே பொதுச் சாலையில் நிற்பேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் விளக்குவேன். கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

மேனேஜர், அன்று காலையில் மரியதாஸ் வாசலில் நின்று என்ன கத்தினார் என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சமையல்காரர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

துறை, தண்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னது யார் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

நலச் சங்கத்தார், மூடச் சொல்லிக் கொடுத்த மனுவைத் திரும்பப் பெற வேண்டும். அதில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும், சட்டையைப் பிடித்தவன் உட்பட, கல்லறைக்கு நடந்து போக வேண்டும்.

நான், பலகைகளைப் பெயர்க்கும்போது முதல் கடப்பாரையை என் வாசலில் போட வேண்டும். ஸ்கூட்டரை நேற்றே விற்றுவிட்டேன்.

பொறியாளர் இப்போது ஓய்வு பெற்று மாடம்பாக்கம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார். அந்த வரி பொய் என்று அவர் தம் கைப்பட எழுத வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது. அந்தோணியம்மாள் எந்த அலுவலகத்துக்கும் வர மாட்டார். அவர் வீட்டிலேயே இருப்பார். பொறியாளர் பஸ் பிடித்தோ காரிலோ அங்கே வர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், எழுதியதை நின்றுகொண்டு படித்துக் காட்ட வேண்டும். அண்ணிக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. தெருவுக்கே கேட்கும்படி படிக்க வேண்டும். கேட்கவில்லை என்று அவர் சொன்னால், இன்னொரு முறை படிக்க வேண்டும்.